மலை ஒன்றுதான்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "படம் வரை" என்று சொல்லிப் பாருங்கள். எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இரண்டு முக்கோண மலைகள், நடுவில் சிரிக்கும் சூரியன், கீழே ஒரு சாலை, இருபுறமும் வயல். ஜன்னலுக்கு வெளியே மெராபி எரிமலை ஒற்றையாக நின்று புகை விட்டுக்கொண்டிருக்கும். அதை யார் பார்த்தார்கள்?

ஐந்தாம் வகுப்பு லாரஸ் இந்தப் படத்தில் மகா கெட்டிக்காரி. ஸ்கேல் வைத்து இரண்டு மலைகளையும் அச்சு அசலாக ஒரே அளவில் போடுவாள். எப்போதும் முழு மதிப்பெண்தான்.

அன்று ஹார்தினி டீச்சர் அவள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஸ்கேல், ரப்பர், கலர் எல்லாம் பைக்குள்ள போகட்டும். பேனா மட்டும்தான். கோட்டுல எத்தனை வகை இருக்கு! அழுத்தமான கோடு, மெல்லிசான கோடு, நெளியிற கோடு, விட்டு விட்டுப் போற கோடு. ஜன்னல் வழியா என்ன தெரியுதோ, அதுக்கு ஏத்த கோட்டைப் போடுங்க."

"டீச்சர், இன்னொரு மலையைக் காணோமே?" என்றான் பிமோ.

"அஞ்சு வருஷமா வரையிறியே, நீயே தேடிக் கண்டுபிடி."

வகுப்பே சிரித்தது. லாரஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய அப்பா சுகெங் மலையடி ஆற்றில் மணல் அள்ளித் தன் லாரியில் ஏற்றி ஓட்டுபவர். காலையில் அவர் கிளம்பினால், திரும்பி வரும்வரை அவளுக்குப் பயம்தான். அதனால் அந்த மலையை அவள் பார்ப்பதே இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்ட மலை புகை விடாது. யாரையும் பயமுறுத்தாது.

இன்று வேறு வழியில்லை. பார்த்தாள்.

மலையின் ஓரத்துக்கு அழுத்தமாக ஒரு கோடு போட்டாள். பள்ளங்களுக்கு நெளிந்து இறங்கும் கோடுகள். உச்சியில் கறுப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. அதற்கடியில் மெல்லிய சாய்ந்த கோடுகள் தெரிந்தன. அவற்றையும் நெருக்கமாகப் போட்டாள். ஐந்து, பத்து, பதினைந்து...

பேனா நின்றது.

'ஐயோ! இது மழை!'

பள்ளி மைதானத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் உச்சியில் மழை பெய்தால் சாம்பலும் பாறையும் சேறாகி ஆற்றில் இறங்கும். கீழே வெயிலில் நிற்பவருக்கு அது பக்கத்தில் வரும்வரை தெரியாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

"டீச்சர்! மலை மேல மழை பெய்யுது!"

"உன் பேனா ஒழுகியிருக்கும்" என்றான் பிமோ.

"தாளைப் பாக்காதடா, அங்க பாரு!"

டீச்சர் ஜன்னலுக்கு ஓடி வந்தார். அவர் முகம் மாறியது. உடனே லாரஸின் அப்பாவுக்குப் போன் செய்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். அப்போதும் எடுக்கவில்லை.

"லாரி சத்தத்துல கேக்காது டீச்சர்" என்றாள் லாரஸ். "ஆத்தங்கரைக் காவல் கொட்டகைக்குப் போடுங்க. தார்யோ மாமா இருப்பாரு. ஆபத்துன்னா அடிக்கிற மூங்கில் மணி அவர்கிட்டதான் இருக்கு."

தார்யோ மாமாவின் குரல் வகுப்பு முழுவதும் கேட்டது. "மழையா? இங்க வெயில் மண்டையைப் பொளக்குது டீச்சர்!"

லாரஸ் போனுக்கு அருகே போய்க் கத்தினாள். "மாமா, இங்கேருந்து கோடு கோடா தெரியுது! மணியை அடிங்க மாமா! மழை இல்லேன்னா வந்து என்னைத் திட்டிக்கோங்க!"

தொடர்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை.

லாரஸால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. தாளில் ஆறு மட்டும் பாக்கி இருந்தது. பேனாவை எடுத்தாள். கோடு நடுங்கியது. அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

சிறிது நேரத்தில் தூரத்தில் கடகடவென்று ஓர் ஓசை எழுந்தது. மலைச் சேறு ஆற்றில் இறங்குகிறது. இடைவேளை மணி அடித்தும் யாரும் எழவில்லை. லாரஸின் சாப்பாட்டு டப்பாவில் பொரித்த சோயா டெம்பே ஆறிப்போயிருந்தது.

எவ்வளவு நேரமோ! வாசலில் காலடிச் சத்தம் கேட்டது.

அப்பா! உடம்பெல்லாம் மணல். ஒரு காலில் மட்டும் செருப்பு.

"தார்யோ மணியடிச்சதும் எல்லாரும் மேல ஏறிட்டோம், டீச்சர். லாரியும் தப்பிச்சுது. ஒரு செருப்புதான் போச்சு."

லாரஸ் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்பாவின் கண்ணும் கலங்கியது. அதை மறைக்க அவர் மேசையில் இருந்த படத்தை எடுத்துப் பார்த்தார்.

"என்னம்மா, எப்பவும் ரெண்டு மலை இருக்குமே?"

"ஒண்ணுதாம்பா இருக்கு."

அப்பாவின் விரல் படத்தில் இறங்கி ஆற்றில் நின்றது. "எல்லாக் கோடும் ஜோரா இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி நடுங்குது?"

"அது நீங்க போன் எடுக்காதப்ப போட்டதுப்பா."

அந்தப் படம் இப்போது அப்பாவின் லாரிக்குள், ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறது. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்.