கொடும்பாவிக்கு மூன்று நொடி

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்திலிருந்து உள்ளே நாலு கிலோமீட்டர். மூடிக்கிடந்த ஒரு ரைஸ்மில் குடோனில் நானும் என் படக் கூட்டாளி இசைவாணியும் மார்கழித் தொடக்கத்தில் போய் இறங்கினோம். சிரிப்புப் படம் எடுக்க.

களிமண் பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் துளி நகர்த்தி இன்னொன்று. இப்படிப் பன்னிரண்டு சேர்ந்தால் திரையில் ஒரு நொடி. முதுகு ஒடிய உழைத்தால் ஒரு நாளைக்கு நாலு நொடி தேறும். "நீ பொண்ணு பார்க்கிற வேகத்துக்கு இது ஏரோப்ளேன்டா மாறா" என்பாள் இசைவாணி. முழுப்பெயர் நெடுமாறன். ஐந்தடி இரண்டங்குலத்துக்கு அது அதிகம்தான்.

குடோனுக்கு ஜன்னல் கிடையாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. வெளிச்சம் மாறாமல் இருக்க எங்களுக்கு அதுதான் வேண்டும். ஊறிப்போன உமி வாசனை. எங்கோ எலி ஓடும் சத்தம். சாவி அம்சவல்லி அக்காவிடம் இருந்தது. குடோனை ஒட்டியே அவருடைய ஆறு மா நிலம், சம்பா நெல். வீட்டுக்காரர் போன பிறகு அக்கா தனியாளாகப் போட்ட முதல் வெள்ளாமை. தை பிறந்ததும் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமைக்கு அறுப்பு மெஷின் சொல்லியிருந்தார்.

எங்கள் படத்தின் கதை சின்னது. மழை இல்லாத ஊரில் வைக்கோலும் களிமண்ணுமாகக் கொடும்பாவி செய்து, காலில் கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து, ஒப்பாரி வைத்து, ஊர் எல்லையில் கொளுத்துவார்கள். ஊர்ப் பாவம் அதோடு எரிந்து மழை வரும் என்பது வழக்கம். எங்கள் கொடும்பாவி மட்டும் தீக்குச்சியைப் பார்த்ததும் எழுந்து ஓட்டம் பிடிக்கும். அந்த ஓட்டம் மூன்று நொடி. முப்பத்தாறு போட்டோ. அது மட்டும்தான் பாக்கி.

ஒப்பாரிக்கு அக்காவையே கேட்டோம். மைக்கைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தவர், ஒரு சாண் பொம்மை முன்னால் உட்கார்ந்து இரண்டு வரி பாடியதும் நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரம். நானும் கொஞ்சம் மூக்கை உறிஞ்சினேன். ரெக்கார்டிங்கில் அது இருக்கிறது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, அழுதாச்சு. இனிமே இது பொம்மை இல்லை. பொழுது சாயறதுக்குள்ள கயிறோட சேர்த்துக் கொளுத்திடுங்க. வச்சிருந்தா இந்த அழுகைக்கு வர்ற மழையும் நிக்காது, அதுவும் அடங்காது."

"கொளுத்திடறேங்க்கா."

பொய். எங்கள் தொழிலில், படம் முடியும்வரை பொம்மையைத் தூக்கிப் போடுவது மகாபாவம்.

சாயங்காலம் மேகம் கட்டியது. மறுநாள் காலை மழை.

தை மாதத்தில், ஒரு நிமிஷம் விடாமல், நாள் முழுக்க.

குடோனுக்குள் நாங்கள் ஓட்டத்தை எடுக்க உட்கார்ந்தோம். பன்னிரண்டு போட்டோ எடுத்து ஓட்டிப் பார்த்தோம். பொம்மை ஓடவில்லை. படுத்தபடியே தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தது.

"நீ திருப்பினியா?" என்றாள் இசைவாணி.

"நீதானே கை வச்ச?"

அழித்துவிட்டு மறுபடி எடுத்தோம்.

மறுபடியும் கதவைத்தான் பார்த்தது.

மழை விடாத மூன்றாம் நாள், டீ குடிக்கத் திரும்பி உட்கார்ந்திருந்தோம். முதுகுக்குப் பின்னால் சத்தம் வந்தது. சரக். நின்றது. சரக். ஈர வைக்கோலைத் தரையில் இழுக்கிற சத்தம். துளித்துளியாக.

எலி என்றேன். இசைவாணி சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரிக்காதது வழக்கம்தான். ஆனால் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. அம்சவல்லி அக்கா, தொப்பலாக நனைந்து. கையில் ஒரு கொத்து நெற்கதிர். ஒவ்வொரு நெல்மணியிலும் வெள்ளையாக முளை.

"எல்லாம் படுத்துடுச்சு தம்பி. தண்ணியில கிடக்கிற பக்கம் முளை விட்டுடுச்சு. இன்னும் ஒரு நாள் பெஞ்சா..." என்றவர் விளக்கு வெளிச்சத்தில் பொம்மையைப் பார்த்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அன்னைக்கே கொளுத்தலையா?" என்று மட்டும் கேட்டார், ரொம்ப மெதுவாக.

அக்கா திரும்பிய நேரம் பார்த்து, பொம்மையின் காலில் இருந்த கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டேன். பொம்மையைத் தூக்கினேன். ஒரு சாண் பொம்மை, ஒரு குழந்தை கனம் கனத்தது.

"மூணு நொடிடா மாறா" என்றாள் இசைவாணி.

"போகட்டும்."

வரப்பில் இசைவாணி குடை பிடிக்க, நான் தீக்குச்சி கிழித்தேன். ஊறின வைக்கோல் பிடிக்காது என்றுதான் நினைத்தேன். எண்ணெயில் முக்கியது மாதிரிக் குப்பென்று பற்றியது. உள்ளே எலும்பாக வைத்திருந்த கம்பி சிவக்கும்போது மழை நின்றிருந்தது.

"கயிறு?" என்றார் அக்கா.

"போட்டுட்டேங்க்கா."

இரண்டாவது பொய். அந்தக் கயிறு இசைவாணி இரண்டு நாள் உட்கார்ந்து திரித்தது. அடுத்த படத்துக்கு ஆகுமே என்று பார்த்தேன். கஞ்சப்புத்தி.

தண்ணீர் வடிந்து, மெஷின் இறங்கி, விளைச்சலில் பாதிக்கு மேல் கரை ஏறியது. அக்கா ஒரு மரக்கால் புது அரிசி கொடுத்தனுப்பினார். வெட்கமில்லாமல் பொங்கித் தின்றேன்.

தஞ்சாவூர் ரூமுக்குத் திரும்பிய மறுநாள் காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். படத்தின் கடைசியில் புதிதாக ஒரு போட்டோ. தரையில் வெறும் கயிறு. கேமரா பைக்குள் பூட்டிக் கிடந்தது.

அடுத்த நாள் இன்னொன்று. கயிற்றின் சுருக்கில் ஒரு களிமண் கால்.

தினம் ஒன்று. அழித்தால் மறுநாள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்தாவதில் கட்டம் போட்ட என் லுங்கி. இருபதாவதில் என் மூக்குக்கண்ணாடி, என் முன்வழுக்கை. இசைவாணிக்கு இவ்வளவு தத்ரூபமாகச் செய்ய வராது. கயிற்றின் மறுமுனை படத்துக்கு வெளியே போகிறது. யார் இழுக்கிறார்கள் என்று தெரியவில்லை. பொம்மை மட்டும் துளித்துளியாகக் கதவை நோக்கி நகர்கிறது.

கயிற்றை எரித்துவிடலாம் என்று பையைத் துழாவினேன். இல்லை. அக்காவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "உனக்காக நான் அழக்கூடாது தம்பி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நேற்றோடு முப்பத்தைந்து. மூன்று நொடிக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி.

இன்று காலை கண் விழித்தேன். வெளியே மாசி வெயில் காய்கிறது. கட்டிலின் கால்மாட்டிலிருந்து வாசல்வரை ஈர வைக்கோல் இழுபட்ட தடம்.

இடது கணுக்கால் இறுகி வலிக்கிறது. போர்வையை விலக்கிப் பார்க்கவில்லை.