வெறும் மிதவையின் பாரம்

துர்க்கு நகரிலிருந்து தீவுகளுக்குப் போகும் சாலை கடலில் வந்து முட்டி நிற்கும் இடத்தில், கரைக்குக் கரை கட்டிய வடத்தைப் பிடித்துக் கார்களை அக்கரை சேர்க்கும் மஞ்சள் மிதவையை ஐலா பத்தொன்பது வருடங்களாக ஓட்டிவந்தாள். அந்த நவம்பர் காலையில் தீவுப் பக்கத்திலிருந்து அழைப்புமணி அடித்தது. போய்ப் பார்த்தால் யாருமில்லை. திட்டிக்கொண்டே திரும்பினாள். பாதிவழியில்தான் கவனித்தாள்: இரண்டு மண்லாரி ஏற்றியதுபோல் வெறும் மிதவை தண்ணீரில் அமுங்கியிருந்தது.

மூடுபனிக்குள் எஞ்சின் முக்கி முனக, இழுவடம் உருளைகளில் நறநறவென்று அரைபட, டீசல் புகைக்கு அடியிலிருந்து சேறும் அழுகிய பாசியும் கலந்த நாற்றம் கிளம்பி அவள் நின்ற கண்ணாடிக் கூண்டுக்குள் கசிந்தது.

கரையில் இருந்த கணவன் வெய்க்கோவை வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள். "மிதவை ரொம்ப அமுங்குது. அடியில ஓட்டை விழுந்திருக்குமோ?"

"காலையில எத்தனை பன்னு தின்ன? அந்தப் பாரம்தான்." சிரித்தான். "மெதுவா வா. காப்பி சூடா இருக்கு."

ஓர் அலை தளத்தில் ஏறி வழிந்தது. வழிந்த இடத்தில் ஈரத் தடங்கள். வெறுங்கால்கள். பெரியவை, சின்னவை. வரிசை வரிசையாக. எல்லா விரல்களும் கூண்டைப் பார்த்து.

ஐலா தாழ்ப்பாளைப் போட்டாள்.

கரைக்கு அருகே பனி விலகியது. காப்பிக் குடுவையுடன் நின்ற வெய்க்கோ அதைக் கீழே போட்டான்.

"ஐலா... யாரு இவங்கெல்லாம்?"

"எவங்க? இங்க யாருமே இல்லியே!"

"கண்ணாடியில முகத்த ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. உன்னச் சுத்தி."

"தடுப்பத் தூக்கு வெய்க்கோ! கரை தொட்டதும் ஓடி வந்துடறேன்."

அவன் ஓரடி பின்வாங்கினான். பிறகு, மிக மெதுவாக: "அவங்களும் வருவாங்கல்ல?"

சம்மட்டியை எடுத்தான். கரையில் வடத்தைப் பிடித்திருந்த ஆணியை அடித்தான். ஓர் அடி. இரண்டு.

"வேணாம்! நான்டா! ஐலாடா!"

மூன்றாவது அடியில் வடம் தண்ணீரில் விழுந்தது. மிதவை தள்ளாடித் திரும்பிக் கடலைப் பார்த்து நகர்ந்தது. அவன் ஓடும் சத்தம் வாக்கி டாக்கியில் கேட்டது. கார் கதவு. பிறகு வாக்கி டாக்கியின் வெறும் இரைச்சல்.

கரை மறைந்தது.

கண்ணாடியில், வெளியே, ஒரு மூச்சு ஆவியாகப் படிந்தது. குழந்தை உயரத்தில். அதன் பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. நான்கு பக்கமும், அடுத்தடுத்து, வெள்ளையாக.

பிறகு ஒன்று, கண்ணாடியின் உட்புறத்தில்.