ஆணியில்லாக் கூரை

மரத்தின் வாசனை சரியில்லை. தர்காவின் மச்சுக்குள் மண்டியிட்டிருந்த ஸுபான் டார்ச்சைத் தாழ்த்தி மறுபடி மோந்தான். தீயில் ஒருமுறை அழிந்து, முந்நூறு வருஷத்துக்கு முன் ஓர் இரும்பாணிகூட இல்லாமல் தேவதாருவில் மீண்டும் எழுந்த கூரை இது. பூர்ச்ச மரப்பட்டையும் மண்ணும் பனியும் தலைக்குமேல் கனத்துக் கிடக்க, அந்தப் பழந்தைல வாசனைக்கு நடுவே புதுப் பைன் பிசின் நெடி எப்படி வந்தது?

"அண்ணே, உள்பக்கத்துச் சித்திரப் பலகையெல்லாம் புதுசு! யாரு மாத்துனது?"

"வேற யாரு, லஸ்ஸாதான்." கீழே சாரத்திலிருந்து அண்ணன் அஹத்தின் குரல். "இறங்கி வாடா. உப்பு டீ ஆறிப்போகுது."

நாலைந்து பழைய பலகைகளோடு லஸ்ஸா ஓடிவிட்டான் என்று இலையுதிர் காலத்தில் அஹத்தான் சொன்னான். அவனும் லஸ்ஸாவும் கூட்டாகத் தச்சுவேலை எடுத்தவர்கள். ஸ்ரீநகரே காறித் துப்பியது. ஸுபானும் துப்பினான், லஸ்ஸாவின் மனைவி கண்ணெதிரே.

எத்தனை பலகை போயிற்று என்று பார்க்க ஸுபான் இன்னும் உள்ளே தவழ்ந்தான். ஈரமண். எலிப்புழுக்கை. அதற்கும் அடியில் வேறொரு வாடை. கடைசி உத்திரத்துக்குப் பின்னால் ஒரு கம்பளி அங்கி. தோளில் லஸ்ஸாவின் மனைவி தைத்த சிவப்பு ஒட்டு. அங்கிக்குள் காய்ந்து சுருங்கிய பிணம்.

"அண்ணே... லஸ்ஸா இங்க இருக்காரு."

கீழே டீக் கோப்பையைப் பலகைமேல் வைக்கும் ஓசை.

"தெரியும்டா." காய்ச்சலில் கஞ்சி ஊட்டும்போது பேசுகிற அதே குரல். "அந்தப் பக்கம் போகாதன்னு எத்தன வாட்டி சொன்னேன்? கேட்டியா?"

ஸுபான் திரும்பிப் பாய்ந்தான். தலை இடித்தது. டார்ச் விழுந்து அணைந்தது. மச்சின் ஒரே வாய் மூடிக்கொண்டது. அடியில் முட்டுக்கட்டை இறுகியது. நெருக்கியடுக்கிய உத்திரங்கள். தள்ளியும் எதுவும் அசையவில்லை.

"அண்ணே! நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்! அண்ணே!"

மரத்துக்கு அப்பால் தர்காக் காவலர் கேட்பது மங்கலாக வந்தது. "தம்பி எங்கப்பா?"

"குளிரு ஒத்துக்கல. வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

பகல் தொழுகை முடிந்து கூட்டம் உரக்க ஓதத் தொடங்கியது. நூறு குரல்கள். மரமெல்லாம் அதிர்ந்தது. அவன் கத்தியது அவனுக்கே கேட்கவில்லை. பலகையைக் கைமுட்டியால் தட்டினான். தட்டிக்கொண்டே இருந்தான்.

ஓதல் ஓய்ந்தது. காலடிகள் கலைந்தன. கதவு சாத்தப்பட்டது.

கை ஓய்ந்து நிறுத்தினான்.

இருட்டில், அதே பலகையில், அவன் விரல்களை உரசியபடி, இன்னொரு கை தட்டிக்கொண்டிருந்தது.