வெறுங்கண்ணால் பார்த்தவன்

"கையில இருக்கறது ஷீல்டா, விசிறியா?"

"ஷீல்டுதாங்க."

"அப்ப மூஞ்சிக்கு நேரா புடிச்சிக்கினு பாக்கறதுக்கு இன்னா? எவ்ளோ நேரமா இப்டி வெறுங்கண்ணால நிக்கறீங்க?"

"தெரியலீங்க..."

"வெல்டிங்குக்குப் புதுசா?"

"பதினோரு வருஷமா இதாங்க பொழப்பு."

"நல்லாருக்கு போங்க! நேத்து வேலைக்குச் சேந்தவன்கூட இப்டி நிக்கமாட்டான். சாயங்காலம் தெரியும் பேஜாரு."

படபடவென்று பேசிவிட்டு அவள் சுத்தியலை எடுத்தாள். தான் ஒட்டி முடித்திருந்த இரும்புத் தகடுகளின் மேல் படிந்த கசடைத் தட்டித் தட்டி எடுத்தாள். அவன் மட்டும் நகரவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

கொளஞ்சிக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டினால் அவள் அண்ணன் சீனுவாசனின் பட்டறை. லாரி பாடியில் விரிசலோ, டிரெய்லரில் முறிவோ, அவள் கை பட்டால்தான் ஒட்டும். ஆனாலும் வருகிற டிரைவர்கள் அவளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். "ஆளு யாரும் இல்லியாம்மா?" அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சுவரில் ஒரு சர்டிபிகேட் மாட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

அதற்காகத்தான் அந்த ஐப்பசி மழையில் திண்டிவனம் வந்திருந்தாள். 2017ஆம் வருஷம். எந்தத் தொழிற்பள்ளி வாசலையும் மிதிக்காதவர்களுக்கு, பட்டறையில் கழித்த வருஷங்களையே படிப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு தகடு ஒட்டிக் காட்டச் சொல்லி, சில கேள்விகளும் கேட்டு, அரசாங்கம் சர்டிபிகேட் கொடுக்கிற முகாம். தகரக் கொட்டகை முழுக்க ஆண்கள். ஒரே ஒரு பெண்.

அந்த ஒரே பெண்ணை ஒருத்தன் முறைத்துக்கொண்டு நின்றால் கோபம் வராதா?

வந்தது. ஆனால் முறைக்கிற கண்கள் இல்லையே அவை... கடல் வெளிச்சத்துக்குக் கூசிக் கூசிப் பழகிய, ஓரங்களில் சுருங்கிய கண்கள். கோயிலில் தீபாராதனை காட்டும்போது திரை விலகினால் சின்னப் பிள்ளைகள் பார்க்குமே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தூர தேசத்துக் கதைகளில் நாயகன் குதிரையில் வருவான். இல்லையென்றால் பனி கொட்டும் ரயில் நிலையத்தில், நீளமான கோட்டு போட்டுக்கொண்டு இறங்குவான். இவன் மரக்காணம் பஸ்ஸிலிருந்து இறங்கி, பொத்தல் விழுந்த காக்கிச் சட்டையோடு வந்திருந்தான். பெயர் இளவழகன். மீன் பிடிக்கிற குடும்பம். அப்பாவும் தம்பிகளும் கடலுக்குப் போக, இவன் கரையில் நின்று போட்டுக்கு இரும்பு ஒட்டுகிறவன்.

"உங்களுக்கு எப்ப டெஸ்ட்டு?" என்று கேட்டாள்.

"நாளைக்குக் காலையில. இன்னிக்குப் பேரு குடுக்க வந்தேங்க."

அவளுக்குத் திக்கென்றது. "நாளைக்கு டெஸ்ட்ட வெச்சிக்கினா இந்த வேல பண்ணீங்க? கண்ணு மணல் கொட்டினாப்ல எரியுமே! தொறக்கவே முடியாதே!"

"வந்தே ஆவணுங்க. கடலூர் பக்கம் ஒரு போட்டு கம்பெனி. சர்டிபிகேட் இருந்தா வேல, இல்லாட்டி கேட்டுக்குள்ளயே உடமாட்டாங்க. இந்த முகாம உட்டா அடுத்தது எப்பன்னு யாருக்கும் தெரியாதாம்."

"இதெல்லாம் தெரிஞ்சிமா பாத்தீங்க? ஏன்?"

அவன் கையிலிருந்த ஷீல்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தகரக் கூரையில் மழை சடசடவென்று இறங்கியது.

"போற வழியில உருளைக்கிழங்கு வாங்கிக்கினு போங்க. வட்டமா அரிஞ்சு, கண்ணு மேல..."

"தெரியுங்க."

"ஆமா. எல்லாம் தெரியும். தெரிஞ்சி இன்னா பிரயோஜனம்?"

அன்று வீட்டில் கொளஞ்சி சாப்பிடும்போதும், படுக்கும்போதும் அந்தக் கண்கள்தான். இந்நேரம் வீங்கியிருக்கும்... இந்நேரம் நீர் கொட்டும்... எனக்கென்ன வந்தது? யார் பார்க்கச் சொன்னது? என்று புரண்டு புரண்டு படுத்தாள். மழைகூட அவளைக் கேலி செய்வதுபோல் விட்டு விட்டுப் பெய்தது.

மறுநாள் அவளுக்குக் கேள்வி பதில் மட்டும்தான் பாக்கி. அண்ணன் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, டீ வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றான். தங்கை இத்தனை ஆண்களுக்கு நடுவில் உட்காருவது அவனுக்கு முள்ளாகவே இருந்தது.

இளவழகன் வந்தான். ஈரத் துண்டை முகத்தில் ஒற்றிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு வந்தான். இமைகள் வீங்கி, நடுவில் கோடுபோலத் தெரிந்த கண்கள் செம்பருத்தியாகச் சிவந்திருந்தன.

தேர்வு நடத்தும் கோதண்டபாணி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டியாப்பா?"

"குடிக்கலீங்க சார். வெல்டிங் ஆர்க் வெளிச்சம் கண்ணுல அடிச்சிக்கிது."

"ஆர்க்கா? நேத்து உன் கையில வெல்டிங் ராடே குடுக்கலியே. இங்கதான நாள்பூரா நின்னுக்கினு இருந்த? யாரோட ஆர்க்கு அடிச்சுது?"

இளவழகன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"சொல்லுப்பா. யாரு வெல்டிங் போட்டப்ப பாத்த?"

அவன் துண்டை மறுபடி கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"கடல் தண்ணியக் குடிச்சிருப்பான் சார்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கொட்டகை சிரித்தது.

"பேசமாட்ட இல்ல? வெளிய போ. குடிச்சவன் கையில நான் கரண்டு குடுக்கமாட்டேன். அடுத்த ஆளு யாருப்பா?"

ஒரு பேர் சொன்னால் போதும். ஒரே ஒரு பேர். அதைச் சொன்னால் இத்தனை பேர் முன்னால் அவன் அவளைப் பார்த்தான் என்றாகும். வாசலில் அவள் அண்ணன் இருக்கிறான். இதற்காகவா வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்? பதினோரு வருஷ உழைப்பை, கிடைக்கப்போகிற வேலையை, எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு?

அவன் திரும்பி, சுவரைத் தேடிக் கையை நீட்டினான்.

"என்னோட ஆர்க்கு சார்."

தன் குரல்தானா அது? கொளஞ்சி எழுந்து நின்றிருந்தாள். அத்தனை தலைகளும் திரும்பின.

"நேத்து நான் போட்டப்ப எதுக்க நின்னாரு. ஷீல்டு புடிக்காமயே பாத்துக்கினு இருந்தாரு. நானே திட்னேன். குடிக்கவெல்லாம் இல்ல சார்... வேணும்னா மோந்து பாத்துக்கோங்க."

யாரோ விசிலடித்தார்கள். யாரோ "அட்றா சக்க!" என்றார்கள். வாசலில் டீ கிளாஸ் தரையில் விழுந்து உருண்டது. கொளஞ்சி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோதண்டபாணி மீசைக்குள் வந்த சிரிப்பை மென்று விழுங்கினார். "கண்ணு தெரியுமாப்பா உனக்கு?"

"நெருப்பு தெரியும் சார். அது போதும்."

"வா. ஒரே சான்ஸ்தான்."

ராடு தகட்டைத் தொட்டது. கொட்டகை நீலமானது. கொளஞ்சி தன் ஷீல்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உலகமே அணைந்துபோயிற்று. கூரை இல்லை, கூட்டம் இல்லை, அவனும் இல்லை. உருகிய இரும்பின் சின்னஞ்சிறு குளம் மட்டும் நிலாத்துண்டுபோல் மிதந்து வந்தது. நடுங்கவில்லை. அவசரப்படவில்லை. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீரான சத்தம். அவன் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் கையை நகர்த்துகிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

தினமும் அவள் செய்கிற வேலைதான். இத்தனை அழகா இது? இதற்குள் இப்படி ஒரு அமைதி இருக்கிறதா? மூச்சுவிட மறந்து நின்றாள். ஷீல்டைக் கொஞ்சம் இறக்கினால் அவன் முகம் தெரியும்... கொஞ்சமே கொஞ்சம்... சட்டென்று கையை இறுக்கிக்கொண்டாள்.

வெளிச்சம் நின்றது. கசடைத் தட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. சுருள் சுருளாகத் தானே கழன்று விழுந்தது. அடியில் மீன் செதில்களாய் அடுக்கடுக்காய் ஒரு வரி. கோதண்டபாணி தகட்டை வளைத்துப் பார்த்தார். விரிசல் இல்லை. இன்னொரு தரம் வளைத்தார்.

"பாஸ்," என்றார். "கண்ண கவனிச்சிக்கப்பா. வேல செய்ய அது வேணும்."

கொட்டகை கைதட்டியது. கொளஞ்சியின் தோளில் ஒரு கை விழுந்தது.

"கேள்வி பதில் முடிஞ்சிதா?" அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"வந்தவொடனே முடிஞ்சிதுண்ணா."

"அப்ப ஜல்தி வண்டில ஏறு. மானம் போச்சு."

அவன் பைக்கை எடுக்கப் போனான். அவள் கொட்டகை வாசலில் நின்றாள். பின்னால் தடவித் தடவி வரும் காலடி.

"ஏங்க... இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நேத்து ஏன் பாத்தீங்கன்னு கேட்டீங்களே..."

"இப்ப வாணாங்க. எங்க அண்ணன் நிக்குது."

"ஷீல்டு புடிச்சா நெருப்பு மட்டும்தாங்க தெரியும். ஆளு தெரியாது." அவன் கண்களிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. அது எரிச்சலின் நீரா, வேறா... "இத்தினி வருஷத்துல அப்டி ஒரு வெல்டிங் லைன நான் பாத்ததில்ல. அந்த நெருப்பயும் பாக்கணும், அதப் போடற உங்களயும் பாக்கணும்னு இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா பாக்க வேற வழி இல்லீங்க."

"கண்ணே போயிருந்தா?"

"பாத்தப்பறந்தான போயிருக்கும்."

அவன் இதையெல்லாம் அவளுக்குப் பக்கத்திலிருந்த இரும்புத் தூணைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பாவம், அதுதான் அவள் என்று நினைத்துவிட்டான்போலும். கொளஞ்சி சத்தம் காட்டாமல் ஒரு எட்டு நகர்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

"உங்கள எனக்குப் புடிச்சிக்கிதுங்க," என்றான், இப்போது நேராக அவளிடம்.

பைக் ஹாரன் அலறியது. அவள் ஓடினாள். ஏறி உட்கார்ந்தாள். அண்ணனின் முதுகு கல்லாக இருந்தது. வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு சாலையில் ஏறி, வரிசையாக வந்த பஸ்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது.

திரும்பிப் பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். திரும்பினாள்.

அவன் ரோட்டோரம் வந்து நின்றிருந்தான். காதில் விழுகிற ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் கை காட்டினான். செஞ்சி பஸ்ஸுக்குக் கை காட்டினான். பாண்டிச்சேரி பஸ்ஸுக்குக் கை காட்டினான். பெட்ரோல் லாரிக்கும் கை காட்டினான். எல்லாம் அவன் மேல் சேற்றைத் தெளித்துவிட்டுப் போயின. அவன் சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டான்.

கொளஞ்சி அண்ணனின் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணா... அவருக்கு பஸ்ஸு போர்டு தெரியலண்ணா. மரக்காணம் வண்டியில ஏத்தி உட்டுட்டுப் போலாம்... திருப்பேண்ணா..."