தொடை நாடி

அவனியாபுரத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் குழந்தைகளுக்கான இருதயப் பரிசோதனை முகாம். காலை பத்து மணிக்குக் காரிலிருந்து இறங்கியதுமே டாக்டர் சத்யப்ரியா மூக்கைப் பொத்திக்கொண்டாள். முந்தின நாள் விருந்தின் எச்சில் இலைகளும் சாம்பாரும் வாசல் சாக்கடையில் நுரைத்துக் கிடந்தன.

"மிஷினை மணமகள் அறையில வச்சாச்சு மேடம். போன தடவை மாதிரியே," என்றாள் நர்ஸ் முத்துமீனா.

போன தடவை. 

இருதயத்தைக் காட்டும் எக்கோ திரையில் படம் தெளிவாகத் தெரிய இருட்டு வேண்டும். ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். உள்ளே அழுகிய மல்லிகை, பினாயில். இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாடை. புளித்த பால்.

முதலில் வந்தவள் ஹஃபீஸா. மடியில் இருபத்தெட்டு நாள் ஆண் குழந்தை. நாலு வாய் குடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறதாம்.

"துணியிலயே ஆயி போயிட்டான் டாக்டரம்மா. மாத்துத் துணி இவன் அத்தாகிட்ட ஆட்டோவுல இருக்கு. வாங்கியாரட்டா?"

"வேணாம். சட்டையை மட்டும் தூக்குங்க."

"தள்ளி நில்லுங்க மேடம்," முத்துமீனா சிரித்தாள். "நம்மாளு இன்னிக்கு யாரையும் சும்மா விடமாட்டாரு போல."

சத்யப்ரியா குழந்தையை மேஜையில் கிடத்தச் சொன்னாள். நெஞ்சில் ஜெல்லைத் தடவிக் கருவியை வைத்தாள். இருதயத்தின் நான்கு அறைகளும் சரி. ஆனால் கழுத்துக் குழியில் வைத்ததும் பிள்ளை வீறிட்டுத் துள்ளியது. பெரிய ரத்தக்குழாய் வளையும் இடம் திரையில் கலங்கிப்போனது. அது அங்கே சுருங்கியிருந்தால் தொடையில் நாடி துடிக்காது. தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதற்குத் துணியை அவிழ்க்க வேண்டும்.

ஓரங்களில் மஞ்சளாக ஊறி வழிந்துகொண்டிருந்தது. க்ளவுஸ் பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. அவளுக்கு ஓங்கரித்தது.

மூன்று மாதத்துக்கு முன்பு, இதே மேஜையில், மாயக்காளின் பெண் குழந்தையும் இப்படித்தான் நனைந்து, புளித்த பால் வாடையோடு கிடந்தது. அன்று அருவருப்பில் சத்யப்ரியா தொடவே இல்லை. தொடாமலே 'தொடை நாடி: இயல்பு' என்று எழுதினாள். முகாம் முடிந்து பன்னிரண்டாம் நாள் அந்தப் பிள்ளை ரத்தக்குழாய்ச் சுருக்கத்தால் செத்தது. எழுதியது பொய் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இன்றும் பேனாவை எடுத்தாள். இடது கை மேஜையில், குழந்தையின் இடுப்பருகே இருந்தது. 'தொடை நாடி' என்று எழுதினாள்.

புளித்த பால் வாடை முகத்தில் வந்து மோதியது.

இடது கையை எதுவோ பற்றியது.

குட்டிக் கை. பிணத்தின் குளிர்ச்சி. மலத்தின் வழவழப்பு.

"பிள்ளை கையைப் பிடிங்க..." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"ரெண்டு கையையும் நான்தானே பிடிச்சிருக்கேன்," என்றாள் ஹஃபீஸா.

அந்தக் கை அவளுடைய இரண்டு விரல்களை ஈரத் துணிக்குள் இழுத்தது. வெதுவெதுப்பான சகதிக்குள் அமிழ்த்தியது. தொடை மடிப்பில் வைத்து அழுத்தியது.

நாடி இல்லை.

பத்து விநாடி. இருபது. இல்லை. குழந்தையின் முழங்கை மடிப்பைத் தொட்டாள். அங்கே நாடி துள்ளிக் குதித்தது.

பிடி தளர்ந்தது. பிள்ளை அடங்கும்வரை காத்திருந்து மறுபடி கழுத்துக் குழியில் கருவியை வைத்தாள். பெரிய குழாய் ஓரிடத்தில் நூலாக இறுகியிருந்தது.

"மீனா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு," என்றவள் ஹஃபீஸாவிடம் திரும்பினாள். "ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்மா. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனா பொழைச்சுக்குவான்."

ஹஃபீஸா அழுதாள். "வேற யாருன்னா முகம் சுளிச்சிருப்பாக. நீங்க அம்புட்டு அசிங்கத்துலயும் தொட்டுப் பாத்தீகளே. அல்லா உங்க கைக்கு பரக்கத் தரணும்."

சத்யப்ரியா தன் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அடுத்து சீனியம்மாள் தன் மகளைக் கிடத்தினாள். குளித்து, பவுடர் பூசி, புது கவுன் போட்ட ஒரு வயதுப் பெண். கவுனைத் தூக்கிய சீனியம்மாள் திடுக்கிட்டாள்.

"ஐயய்யோ, இப்பத்தானே குளிப்பாட்டிக் கொண்டாந்தேன். யாரு கைம்மா இது?"

தொடை மடிப்பில், நாடி துடிக்கும் இடத்தில், மஞ்சளாக ஐந்து குட்டி விரல்களின் தடம். இன்னும் காயவில்லை.