ஓடையில் தண்ணீர் இல்லை

வரைவி மூன்றாம் முறையும் ஓடையில் தண்ணீரை ஓடவிட்டது.

“விடாத மழை. பள்ளிக்குக் கீழே ஓடை. ஓடையில் தண்ணீர் இல்லை.” ஜெபமணி டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வகுப்புச் சுவரில் படம் விரிந்தது. நுரைத்து ஓடும் ஓடை. அடியில் ஒரு வரி: ‘முரண் திருத்தப்பட்டது.’ சொன்னதைப் படமாக்கும் இயந்திரம் வரைவி; கோடிப் படங்களைப் பார்த்துப் பழகியது. அவற்றில் ஒன்றில்கூட மழையும் வறண்ட ஓடையும் சேர்ந்து இருந்ததில்லை.

“மேல மண்ணு சரிஞ்சு அடைச்சுக்கிட்டா, மழையிலயும் ஓடை நின்னுபோகும் சார். அடைப்பு உடைஞ்சா மலையே இறங்கும்” என்றார் தலைமையாசிரியர் தணிகாசலத்திடம். “சத்தம் அடங்கிருச்சு, இனி பயமில்லன்னு எங்க வீட்டுக்காரரு மகளக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாரு. பசங்களுக்கு இது தெரியணும்.”

தணிகாசலம் சார் பெருமூச்சு விட்டார். “வரைவி வந்தப்புறம்தான் பசங்க கிளாஸ்ல தூங்காம இருக்காங்கன்னு மத்த டீச்சருங்க சொல்றாங்க. நீங்க மட்டும் அதுகூட மல்லுக்கு நிக்கிறீங்க.”

ஜெபமணி சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் வரைந்தார். சாய்ந்த மழைக்கோடுகள். கீழே இரண்டு கரைகள், நடுவே வெறும் கல்.

“டீச்சர், ரோடு மாதிரி இருக்கு!” என்றாள் மகிழினி. வகுப்பே சிரித்தது.

அடுத்த வாரம், மழையை மீறி இரைந்துகொண்டிருந்த ஓடை சட்டென்று அடங்கியது. தணிகாசலம் ஓடைக்கண்ணின் திரையைக் காட்டினார். “ஓடுது பாருங்க.” ஓடைக்கண் என்பது கரையில் நட்ட கேமரா. மழையில் கலங்கிய காட்சியை வரைவிதான் தெளிவாக்கித் தரும்.

ஜன்னலோரம் இருந்த மகிழினி கத்தினாள். “டீச்சர், ரோடு! நீங்க போட்ட ரோடு!”

ஜெபமணி எல்லோரையும் மேட்டுக்கு விரட்டினார். தணிகாசலம் கடைசியாக ஏறி வந்தபோது, பின்னால் பள்ளி இல்லை.

கல்வித் துறை அதிகாரிகள் அந்தக் கரும்பலகைப் படத்தைக் கேட்டார்கள். ஜெபமணி மறுபடி வரைந்து கொடுத்தார். மலைப்பள்ளி வரைவிகள் அனைத்துக்கும் அதைப் புகட்டினார்கள். தணிகாசலமே முன்னின்று செய்தார்.

புதுப் பள்ளியில் முதல் மழைக்கே ஓடைக்கண் வறண்ட ஓடையைக் காட்டியது. அபாயமணி அடித்தது. மேட்டுக்கு ஓடினார்கள். அங்கிருந்து பார்த்தால், ஓடை நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மழைக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும். மழை என்றாலே வரைவிக்கு இப்போது வெறும் கல்தான்.

இன்றும் மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

“எந்திரிங்க!” என்றார் ஜெபமணி.

“அது சும்மா அடிக்குது டீச்சர்” என்றாள் மகிழினி, தலையைத் தூக்காமல். “நீங்க போட்ட படத்தத்தான் காட்டுது.”

ஜெபமணி ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். ஓடையின் இரைச்சல் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.