அழிச்ச வரி

ஜொஹரா மூணு நாளா சாப்பாட்டைப் பத்தி ஒரு குறையும் சொல்லல. அதுதான் சித்திக்காவுக்கு மொதல்ல உறுத்துச்சு.

தங்கச்சி காரைக்கால் டவுன்ல நர்சிங் படிக்கிறா. முதல் வருஷம் ஹாஸ்டல்லதான் தங்கணும்னு ரூல். தோப்புத்துறையிலேர்ந்து வந்து சேந்த நாள்லேர்ந்து போன் எடுத்தா ஒரே பொலம்பல்தான், சாதம் குழைஞ்சிருக்கு, சாம்பார்ல புழு மெதக்குது, லாத்தா நான் உன் ரூமுக்கே வந்துடுறேன்னு. அக்காவை அவ கூப்பிடுறது லாத்தான்னுதான். இப்ப என்னடான்னா, சூப்பரா இருக்கு லாத்தா, ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டேங்கிறா.

சித்திக்கா வேலை பாக்குறது அந்த ஹாஸ்டலுக்குச் சமைச்சுப் போடுற காண்ட்ராக்டரோட ஆபீஸ்ல. அது தங்கச்சிக்குத் தெரியும். புதன்கிழமை நடந்ததுதான் தெரியாது.

அன்னைக்கு மேனேஜர் சிவநாதன் அவ டேபிள்கிட்டயே வந்து நின்னாரு. திங்கக்கிழமை இன்ஸ்பெக்ஷன் வருதாம். ரெண்டு வருஷத்து சமையக்கட்டுக் குறிப்பு, புள்ளைங்க குடுத்த புகார், எல்லாம் நாளுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைலா கெடக்கு. அதுல புழுன்னு வர்ற வரி ஒண்ணுகூட இருக்கக்கூடாது, இருந்தா காண்ட்ராக்டும் போயிடும், உன் வேலையும் போயிடும்னாரு.

"ஒண்ணொண்ணா தொறந்து பாத்தா தீபாவளி வந்துடும்மா. நீ ஏதோ கமாண்டு போடுவியாமே?"

போட்டா. கருப்பு ஸ்கிரீன்ல ஓடுற சின்ன டூல் அது. நாம பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் பாஷையில ரெண்டு வரி கோடு எழுதிக் குடுத்தா போதும், ஃபோல்டர்ல இருக்கிற ஒவ்வொரு ஃபைலையும் தொறந்து, ஒவ்வொரு வரியையும் எடுத்து, அந்தக் கோடுகிட்ட காட்டும். வச்சுக்கன்னா வச்சுக்கும். வேணாம்னா தூக்கிடும். மொதல்ல எதையும் மாத்தாம சும்மா ஓட்டிப் பாத்தா. அழியப்போற வரியெல்லாம் செவப்பா இறங்கிக்கிட்டே போச்சு. நடுவுல ஒண்ணு: ரூம் பதினாலு, ஜொஹரா, சாம்பார்ல புழு.

கை அப்படியே நின்னுச்சு. கொஞ்ச நேரந்தான். அப்புறம் பழைய ஃபைலுக்கு ஒரு காப்பிகூட எடுத்து வைக்காம நெசமாவே ஓட்டிட்டா. எழுநூத்தி பன்னெண்டு ஃபைல். ஆறு செகண்டு.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஜொஹரா சித்திக்காவோட தலத்தெரு ரூமுக்கு வந்தா. மாடி ஷீட்டு வெயில்ல சூடேறி டக்கு டக்குன்னு சத்தம் போட்டுக்கிட்டிருந்துச்சு, ஃபேன் அனலைத்தான் சுத்திச் சுத்தித் தள்ளுச்சு, அந்த அனலோட சேந்து தங்கச்சி கையில இருந்த டிபன் பாக்ஸ்லேர்ந்து ஒரு வாடை வந்துச்சு, ஊறப் போட்டு மறந்துட்ட அரிசி மாதிரி, மழையில நனைஞ்ச கருவாட்டுச் சாக்கு மாதிரி, அதுக்கும் மேல லேசா இனிப்பா எதுவோ ஒண்ணு, தொண்டையில போய் ஒட்டிக்கிட்டு எறங்க மாட்டேங்குற மாதிரி.

லாத்தாவுக்குன்னு மெஸ்ல கேட்டு வாங்கிட்டு வந்ததா சொன்னா. உக்காந்து மூடியத் தொறந்தா.

சாம்பார் சாதம். மேல இருந்த பருக்கை நகந்துச்சு.

ஒண்ணு இல்ல. மொத்தமும். வெள்ளையா, கொழுப்பா, கருப்புத் தலையோட ஒண்ணு மேல ஒண்ணு ஏறி எறங்கிக்கிட்டிருந்துச்சு, சாம்பார்ல வழுக்கி வழுக்கி விழுந்துச்சு, சளசளன்னு ஒரு ஈரச் சத்தம். முருங்கைக்காய்க்குள்ளேர்ந்து ரெண்டு எட்டிப் பாத்துச்சு. ஜொஹரா கைய விட்டுப் பெசைஞ்சா. வெரலிடுக்குல பிதுங்குச்சு. அள்ளி வாயில போட்டுக் கண்ண மூடி மென்னா. ஒதட்டு ஓரத்துல ஒண்ணு துடிச்சுது. நாக்க நீட்டி உள்ள இழுத்துக்கிட்டா.

சித்திக்கா பாக்ஸ வெடுக்குன்னு புடுங்குனா. "துப்புடி. புழுடி அது, அவ்வளவும் புழு."

ஜொஹரா அவ வாயையே பாத்துக்கிட்டிருந்தா, இன்னும் ஏதோ சொல்லப் போறான்னு காத்திருக்கிற மாதிரி.

"என்ன லாத்தா? சத்தமே வரல. வாயை மட்டும் அசைக்கிற?"

திரும்பச் சொன்னா. கத்திச் சொன்னா. தங்கச்சி சிரிச்சுக்கிட்டே, வெளையாடாத, பசிக்குதுன்னு பாக்ஸுக்குக் கைய நீட்டுனா.

பாக்ஸுக்கு நடந்த இழுபறிச் சத்தம் கேட்டோ என்னவோ, கீழேர்ந்து வீட்டுக்காரம்மா திரிபுரசுந்தரி மேல ஏறி வந்தாங்க. சித்திக்கா பாக்ஸ அவங்க மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. அவங்க குனிஞ்சு நல்லா மோந்து பாத்தாங்க. ஒரு வெரலால தொட்டு நக்குனாங்க.

"அந்தச் சமையக்காரனை எனக்கு அனுப்பிவுடும்மா. எங்க வீட்டுக்காரரு இருவது வருஷமா என் சாம்பாரைத் திட்டிக்கிட்டே திங்கிறாரு."

அவங்க நகத்துக்கடியில ஒண்ணு வளைஞ்சு நெளிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அதோடவே எறங்கிப் போனாங்க.

சித்திக்கா ஆபீஸ் லேப்டாப்ப இழுத்தா. அந்த நாளு ஃபைலத் தொறந்தா. அன்னைக்கு வேணாம்னு சொன்னதை இப்ப திருப்பிக் குடுக்கணும், அது ஒண்ணுதான் தோணுச்சு. தங்கச்சியோட வரியைக் கையாலயே அடிச்சா. ரூம் பதினாலு, ஜொஹரா. சேவ் பண்ணுனா. மூடித் தொறந்து பாத்தா, அந்த வரி இல்ல.

மறுபடி அடிச்சா. இல்ல.

திருப்பிச் சேக்குறதுக்குன்னே கோடு எழுதி அதே டூல ஓட்டுனா. கருப்பு ஸ்கிரீன்ல ஒரே பதில். மாறுன ஃபைல்: பூஜ்யம்.

பின்னாடி ஜொஹரா பாக்ஸ எடுத்து மறுபடி மெல்லுற சத்தம். ஈரமா. நிதானமா.

இனிமே யாரும் புகார் எழுத மாட்டாங்க. எழுதுனாலும் நிக்காது. அந்த ஹாஸ்டல்ல நூத்தம்பது பொண்ணுங்க. மூணு வேளை.

இவ ஒருத்திக்குத்தான் தெரியுது. எதையாவது செய்யணும்னா இவதான். பாக்ஸத் தூக்கி ஜன்னல் வழியா எறியலாம்னு திரும்புனா.

வாடை இல்ல.

மூக்கை இழுத்துப் பாத்தா. பெருங்காயம். கொத்தமல்லி. நெய்.

பாக்ஸுக்குள்ள மஞ்சளா, குழைவா, ஆவி பறக்காத சாம்பார் சாதம். பருக்கை பருக்கையா. ஒண்ணும் அசையல. சித்திக்கா கண்ணைத் தேச்சுக்கிட்டுப் பாத்தா. கிட்ட போய்ப் பாத்தா. எதைத் தேடுறோம்னு ஒரு நிமிஷம் மறந்துபோச்சு.

"நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல, அதான் இப்படி ஆடுற," ஜொஹரா ஒரு கவளத்தை உருட்டுனா. சின்னப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி கிட்ட கொண்டாந்தா. "ஆ காட்டு லாத்தா."

காட்டுனா.

நல்லாத்தான் இருந்துச்சு. உப்பு, ஒறைப்பு, எல்லாம் சரி. மென்னு முழுங்கிட்டு வாயை மூடுனா.

நாக்குக்கு அடியில ஒண்ணு மெதுவா பொரண்டு படுத்துச்சு.